உப்புப் பாக்கெட்டில் எழுதிய தேதி

அப்பாவுக்கென்று அம்மா ஒரு சின்னச் சட்டியைத் தனியாக எடுத்து வைத்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. இருமலுக்கு மருந்து வாங்க அரசாங்க கிளினிக்கிற்குப் போனவரை உட்காரவைத்து, கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்திருக்கிறார்கள். 178க்கு 102. பத்து நிமிடம் கழித்து மறுபடியும் பார்த்தார்கள். பெரிதாக இறங்கவில்லை. மாத்திரையை எழுதிக் கொடுத்து, "குராங்கான் காராம்" என்று மலாயில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். வெளியே அறுபது பேர் காத்திருக்கும்போது அதற்குமேல் விளக்க யாருக்கும் நேரம் இருக்காது.

உப்பைக் குறை என்று அவர்கள் சொன்னது, வீடு வந்து சேர்வதற்குள் உப்பே போடாதே என்று ஆகிவிட்டது. எங்களுக்கு வழக்கம்போல் ஒரு குழம்பு, அப்பாவுக்குச் சின்னச் சட்டியில் உப்பில்லாத சாம்பார். மூன்று நாள் அப்பா ஒன்றும் சொல்லவில்லை. நான்காம் நாள் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "எனக்கென்று தனியாக ஒரு சட்டியா? இந்த வீட்டில் நான் என்ன விருந்தாளியா, அம்மா?"

அந்த வாரம் முழுக்க அவர் மாலையில் சந்தைக்குப் பக்கத்து ஒட்டுக்கடையில் மீ கோரெங் (பிரட்டிய நூடுல்ஸ்) சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. எங்கள் வீட்டுக் குழம்பைவிட அந்த ஒரு தட்டில் உப்பு அதிகம். தனிச்சட்டி வைத்து நாங்கள்தான் அவரை அங்கே அனுப்பினோம்.

எங்கள் ஊர் சுங்கை சிப்புட். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் இடையில் இருக்கிறது. ஒரு காலத்தில் ஊரைச் சுற்றிப் பால்மரம், அதாவது ரப்பர். இப்போது கண்ணுக்கு எட்டியவரை செம்பனை. அப்பாவின் அம்மாவை நாங்கள் ஆயா என்போம். ஆயா பால்மரம் வெட்டியவர். இருட்டோடு பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு)ப் போய், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு வெட்டத் தொடங்கினால், பாலைச் சேர்த்துக் கொண்டுபோய் ஊற்றிவிட்டு வீடு திரும்ப உச்சிப்பொழுது ஆகிவிடும். சேலைக்கு மேல் போட்ட முழுக்கைச் சட்டை பிழிந்தால் வடியும் என்று அப்பா சொல்வார். காய்ந்த பிறகு முதுகில் வெள்ளையாக ஒரு கோடு தெரியுமாம். அது உப்பு.

தோட்டத்து லயத்து வீட்டில் குளிர்ப்பெட்டி ஏது? கெடாமல் இருப்பதைத்தான் வாங்க முடியும். தோட்டக் கடையில் கடனுக்குக் கிடைத்தது கருவாடு, நெத்திலி, ஊறுகாய், டின் சார்டின். பழைய சோற்றுக்கு அதில் ஒன்று போதும், வயிறு நிறைந்துவிடும். ஒரு பிடி சோறு இறங்க ஒரு துண்டுக் கருவாடு என்ற கணக்கு அப்படி வந்தது. நெருப்பில் சுட்ட நெத்தலிக் கருவாட்டை நசுக்கி, சின்ன வெங்காயம், பச்சை மிளகாயோடு ஆயா பிசைந்து தருவதை நானும் கையேந்தி வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன். அந்த ருசியை நான் குறை சொல்லமாட்டேன்.

இதைச் சொன்னால் ஊரில் உடனே ஒரு பதில் வரும்: "அந்தக் காலத்து ஆட்கள் கருவாடு தின்று கல் மாதிரி இருந்தார்கள்." வியர்வையில் சோடியம் போவது உண்மை. லிட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிராம் போகலாம், ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் தினமும் வெயிலில் பாடுபடும் உடம்பு சீக்கிரமே உப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளப் பழகிவிடுகிறது. வியர்வையில் போவது குறைந்துவிடுகிறது. லயத்தில் யாருடைய கையிலும் பட்டையைச் சுற்றி யாரும் பார்த்ததில்லை என்பதையும் நாம் மறந்துவிடுகிறோம். ஆயாவுக்கு ஒரு நாள் காலையில் வலது கை இழுத்துக்கொண்டது, வாய் கோணிக்கொண்டது. "வாதம் அடித்துவிட்டது" என்றார்கள். காற்று கருப்பு என்றும் சிலர் சொன்னார்கள். அவர் கல் மாதிரி இருந்தார் என்று நான் எப்படிச் சொல்வேன்?

உப்பு உடம்பில் செய்யும் வேலை சிக்கலானதல்ல. ரத்தத்தில் சோடியம் கூடினால் அது தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. குழாய்க்குள் ஓடும் அளவு கூடும், அழுத்தமும் கூடும். கூடுதல் உப்பை வெளியே தள்ளுவது சிறுநீரகத்தின் வேலை. வருடக்கணக்கில் அந்த அழுத்தத்தைத் தாங்கித் தாங்கி அதுவே பழுதாகிறது. பழுதானால் உப்பைத் தள்ள முடியாமல் அழுத்தம் மேலும் ஏறுகிறது. என் சித்தப்பா வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்குப் போய் வருகிறார். ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். அவர் திரும்பி வந்து முன்வாசலில் செருப்பைக் கழற்றக்கூடத் தெம்பில்லாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராம் சோடியத்துக்குக் கீழ். உப்பாகச் சொன்னால் 5 கிராம், தலை தட்டிய ஒரு தேக்கரண்டி. மலேசியர்கள் எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்று 2017-18இல் 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரித்துப் பார்த்தார்கள். சராசரி 7.9 கிராம். ஐந்தில் நான்கு பேர் அளவைத் தாண்டியிருந்தார்கள்.

இந்த எண்களைப் படித்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. எங்கள் வீட்டில் எவ்வளவு போகிறது? புதிதாக வாங்கிய ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டின் மேல் பேனாவால் தேதியை எழுதி அலமாரியில் வைத்தேன். வேறொன்றும் செய்யவில்லை. வீட்டில் ஐந்து பேர்: அப்பா, அம்மா, நான், என் கணவர், பதினொரு வயது மகன். ஆளுக்கு 5 கிராம் என்றால் ஒரு கிலோ 40 நாள் வரவேண்டும். 26 நாளில் பாக்கெட் காலி. ஆளுக்கு 7.7 கிராம். மீன் கழுவவும் காய் அலசவும் போனது கொஞ்சம் இருக்கும், அதைக் கழித்துக்கொள்ளலாம். ஆனால் பாக்கெட்டில் இல்லாத உப்பு எவ்வளவு!

அந்த ஞாயிற்றுக்கிழமை அலமாரியில் இருந்த புட்டி, டப்பா, பாக்கெட் எல்லாவற்றையும் மேசையில் எடுத்து வைத்து லேபல்களைப் படித்தேன். எழுத்து பொடிப்பொடியாக இருந்தது. மகன்தான் படித்துச் சொன்னான். கிச்சாப்பு (சோயா சாஸ்): மேசைக்கரண்டி ஒன்றுக்கு 900 மில்லிகிராம் சோடியத்தை ஒட்டி. கோழியைக் கிச்சாப்பில் பிரட்டும்போது அம்மா மூன்று கரண்டி ஊற்றி, அதன் மேல் உப்பும் போடுவார். சூப்புக்குப் போடும் கட்டி: எடையில் பாதிக்குப் பக்கத்தில் உப்பே. பாக்கெட் மீ: மசாலாத் தூளையும் சேர்த்தால் பெரும்பாலும் 1,000 மில்லிகிராமைத் தாண்டிவிடும். என் மகன் அதை வேகவைப்பதுகூட இல்லை. நொறுக்கி, தூளைத் தூவி, குலுக்கி, பள்ளி விட்டு வந்ததும் வாயில் போட்டுக்கொள்வான். அவன் ஒரு நாளைக்குச் சாப்பிடவேண்டிய சோடியத்தில் பாதிக்கு மேல் அந்தக் குலுக்கலிலேயே போய்விடுகிறது. அவனே அதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் இருந்தான்.

லேபலில் சோடியத்தைத்தான் போட்டிருப்பார்கள், உப்பை அல்ல. அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பு. 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு. 100 கிராமுக்கு 600 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் இருந்தால் பிரிட்டனில் பாக்கெட்டின் முன்பக்கத்தில் சிவப்பு நிறம் போட்டுக் காட்டுகிறார்கள். நான் கடையில் அந்த 600ஐ மனதில் வைத்துக்கொண்டுதான் பார்க்கிறேன்.

நான் எதிர்பார்க்காத ஒன்று அப்பாவின் தலையணைக்குப் பக்கத்தில் இருந்தது. வாய்வுக்கென்று தண்ணீரில் போட்டால் நுரைத்துப் பொங்குமே, அந்தத் தூள். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் நாள் தவறாமல் குடித்துக்கொண்டிருந்தார். அதில் இருப்பது சோடியம் பைகார்பனேட். அதன் எடையில் கால் பங்குக்கு மேல் சோடியம். உப்பாகக் கரிக்காததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அப்பளக்காரமும் பலகாரத்துக்குப் போடும் சோடா உப்பும் அதே குடும்பம்தான். அஜினோமோட்டோ என்று நாம் சொல்லும் சுவையூட்டியைப் பார்த்து ஊரே பயப்படுகிறது. எடைக்கு எடை பார்த்தால் அதிலுள்ள சோடியம் உப்பில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பயப்படுகிறவர்கள் கிச்சாப்புப் புட்டியைக் கவிழ்க்கும்போது அந்தப் பயம் எங்கே போகிறதோ தெரியவில்லை.

இரவுச் சந்தையில் இளஞ்சிவப்பு உப்பை அழகான டப்பாவில் விற்கிறார்கள். "இதில் பிரஷர் ஏறாது" என்று எங்கள் வரிசையில் இரண்டு வீட்டில் வாங்கிவிட்டார்கள். அதுவும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் அதே சோடியம் குளோரைடுதான். நிறத்துக்குக் கொடுக்கும் காசு அது.

அடுத்து அம்மாவின் கை. அம்மா கரண்டியில் அளந்து உப்புப் போட்டு நான் பார்த்ததே இல்லை. மூன்று விரலால் கிள்ளி, ஒரு முறை, இரண்டு முறை, கொஞ்சம் யோசித்து மூன்றாம் முறை. தீபாவளிக்கு மாவு நிறுக்க வாங்கிய சின்னத் தராசை அடுப்புமேடையில் வைத்து, ஒரு கிண்ணத்தையும் வைத்து, "குழம்புக்குப் போடுவதை இதில் போடுங்கள், அம்மா" என்றேன். அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "நாற்பது வருடமாக இந்தக் கைதான் அளந்தது. ஒருவர் வாயிலிருந்து குறை வந்ததில்லை." அது உண்மைதான். என்றாலும் போட்டார். 22 கிராம். மத்தியானத்துக்கும் இரவுக்கும் சேர்த்து ஒரே குழம்பு, அதற்கு மட்டும் 22.

அந்த எண்ணைப் பார்த்ததும் அம்மா கிண்ணத்தைக் கையில் எடுத்து ஆட்டிப் பார்த்தார். பிறகு அவரே கேட்டார்: "எவ்வளவு இருக்கவேண்டும்?"

அன்றைக்கு நாங்கள் இருவரும் ஒரு முடிவுக்கு வந்தோம். தனிச்சட்டி வேண்டாம். வீட்டில் எல்லோருக்கும் ஒரே குழம்பு. யாரிடமும் சொல்லாமல், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது. இப்படித்தான் பிரிட்டனில் ரொட்டி செய்கிறவர்களும் மற்ற உணவுக் கம்பெனிகளும் சத்தமில்லாமல் படிப்படியாக உப்பைக் குறைத்தார்கள். 2001இல் அங்கே ஒருவர் ஒரு நாளைக்குச் சாப்பிட்ட உப்பு சராசரியாக 9.5 கிராம், 2011இல் 8.1. சாப்பிட்டவர்களில் பெரும்பாலோருக்கு அது தெரியக்கூட இல்லை. நாக்குக்கு இரண்டு மூன்று மாதம் கொடுத்தால் அது புதிய அளவுக்குப் பழகிவிடுகிறது. ஒரேயடியாக நிறுத்தினால் அது முரண்டு பிடிக்கிறது, ஒட்டுக்கடைக்கு ஓடுகிறது. ஊரில் எத்தனையோ வீட்டில் நோயாளிக்கென்று ஒரு சட்டி வைத்து, ஒரே மாதத்தில் அந்தச் சட்டியைக் கவிழ்த்து வைத்துவிடுவதைப் பார்க்கிறேன். சாப்பாட்டில் ஒருவரைப் பந்தியிலிருந்து பிரித்து உட்காரவைத்தால் அவர் தாங்கமாட்டார். அப்பாவுக்கு வலித்தது உப்பின்மை அல்ல, அந்தச் சட்டிதான்.

முதல் இரண்டு வாரம் யாருக்கும் தெரியவில்லை. ஐந்தாம் வாரம் என் கணவர் ரசத்தை உறிஞ்சிவிட்டு அம்மாவை ஒரு முறை பார்த்தார். அம்மா எலுமிச்சம்பழத்தை நறுக்கி நீட்டினார். புளிப்பு ஏறினால் உப்புக் குறைவு தெரியாது என்பதை அம்மாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ரசத்தில் மிளகும் சீரகமும் வறுத்துப் பொடித்துக் கூடுதலாகப் போட்டார். கறிவேப்பிலையும் பூண்டும் தாராளமாக விழுந்தன. பொரியலுக்கு உப்பை முதலிலேயே போடாமல் இறக்கும்போது தூவினார். மேலாக இருக்கும் உப்பு நாக்கில் உடனே படுகிறது, அதனால் குறைவாகவே போதும். தேங்காய்ப்பால் விட்ட குழம்புக்குத்தான் கடைசிவரை சிரமம். பால் எவ்வளவு உப்பைப் போட்டாலும் விழுங்கிக்கொள்கிறது. அந்தக் குழம்பை நாங்கள் மாதத்துக்கு இரண்டு முறை என்று குறைத்துக்கொண்டோம்.

கருவாட்டை விடவில்லை. விடச் சொல்வதும் நியாயமாகப் படவில்லை. வெந்நீரில் ஊறவைத்து, தண்ணீரைக் கொட்டி, இன்னொரு முறை ஊறவைத்து, கத்தரிக்காய்க் குழம்பில் போடுகிறோம். அந்தக் குழம்புக்குத் தனி உப்பு கிடையாது. பொரித்துக் கடித்துக்கொள்வதை மட்டும் வீட்டில் நிறுத்திவிட்டோம். ஊறுகாய்ப் புட்டி மேசையிலிருந்து அலமாரிக்குப் போனது. எழுந்து போய் எடுக்கவேண்டும் என்றால் பாதி நாள் யாரும் எடுப்பதில்லை. சூப்புக் கட்டி வாங்குவதையே நிறுத்திவிட்டோம். நெத்திலியைக் கழுவி, இஞ்சி தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீர் போதும்.

பொட்டாசியம் கலந்த மாற்று உப்பைப் பற்றி அக்கம்பக்கத்தில் கேட்கிறார்கள். சீனக் கிராமங்களில் 20,000க்கு மேற்பட்டோரைச் சேர்த்து, அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குச் சாதாரண உப்புக்குப் பதிலாக முக்கால் பங்கு சோடியம் குளோரைடும் கால் பங்கு பொட்டாசியம் குளோரைடும் கலந்த உப்பைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2021இல் வெளியான அந்த முடிவில், மற்றப் பாதியைவிட இவர்களுக்குப் பக்கவாதம் 14 விழுக்காடு குறைந்திருந்தது. சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்கள். மற்றவர்கள் அறுபது வயதைத் தாண்டிய, ரத்த அழுத்தம் உள்ளவர்கள். கடுமையான சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களை அதில் சேர்க்கவில்லை. இந்தக் கடைசி வரியைத்தான் நம் ஆட்கள் விட்டுவிடுகிறார்கள். சிறுநீரகம் பழுதானவர்களுக்குப் பொட்டாசியம் வெளியேறாமல் ரத்தத்தில் தேங்கும், இதயத்துடிப்பையே குலைத்துவிடும். சில ரத்த அழுத்த மாத்திரைகளும் பொட்டாசியத்தைப் பிடித்து வைப்பவை. "உப்பு ஆகாதே, இதைப் போட்டுக் கொடுங்கள்" என்று சித்தப்பா வீட்டுக்கே ஒருவர் நல்லெண்ணத்தோடு ஒரு பாக்கெட் கொண்டுவந்து கொடுத்தார். சின்னம்மா அதைப் பிரிப்பதற்குள் நான் பார்த்தது எங்கள் நல்ல நேரம். மருத்துவரைக் கேட்காமல் அந்த உப்பைத் தொடாதீர்கள். இதை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

வெளியே சாப்பிடுவது இன்னும் கடினம். தேநீர் சொல்லும்போது "குராங் மானிஸ்" (இனிப்புக் குறைவாக) என்று எல்லோரும் சொல்லப் பழகிவிட்டோம். இனிப்பு நோயின் பயம் அந்தச் சொல்லை வாயில் ஏற்றிவிட்டது. "குராங் காராம்" என்று கடையில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. மீ கோரெங்கைச் சட்டியில் தனித்தனியாகப் பிரட்டுவதால் அதைக் கேட்டால் செய்து கொடுக்கிறார்கள். குழம்பு காலையிலேயே கொதித்துவிட்டது, அதில் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் சோற்றை மூழ்கடிக்கும்படி "குவா பாஞ்சிர்" கேட்பதை நிறுத்தினோம். உப்பில் பெரும்பகுதி அந்தக் குவாவில், அதாவது குழம்பில்தான். ரொட்டி சானாய்க்கும் அப்படியே. அப்பா இப்போது "குவா ஆசிங்" என்று தனியாக வாங்கி, தொட்டுக்கொண்டு சாப்பிடுகிறார். கிண்ணத்தில் பாதி மிஞ்சுகிறது. மிஞ்சுவது அவருக்கு மனதுக்குக் கஷ்டம்தான். சோற்றை வீணாக்காத லயத்தில் வளர்ந்தவர்.

மாத்திரையை அப்பா ஒரு நாளும் நிறுத்தவில்லை, நிறுத்தவும் விடமாட்டோம். போன முறை 136க்கு 84. இதில் மாத்திரைக்கு எவ்வளவு, உப்புக்கு எவ்வளவு, மாலையில் கோயில்வரை நடப்பதற்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. நுரைத்தூளை அடியோடு விட்டுவிட்டார். இரவில் சீக்கிரம் சாப்பிடுவதால் வாய்வும் முன்போல் இல்லையாம்.

தேதி எழுதும் வழக்கத்தை மகன் எடுத்துக்கொண்டான். பாக்கெட் வாங்கியதும் பேனாவோடு வந்துவிடுவான். கடைசியாக முடிந்தது 45 நாள் வந்தது.

போன வாரம் அம்மா குழம்பைக் கொதிக்கவிட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார். "அந்தத் தராசைக் கொண்டு வா." எட்டு மாதமாக நாங்கள் அதைத் தொடவில்லை, கரண்டியில் அளப்பதையும் அம்மா இரண்டாம் மாதமே விட்டுவிட்டு, பழையபடி கைக்குத் திரும்பியிருந்தார். எனக்கு உள்ளூர அது கவலையாகத்தான் இருந்தது. கிண்ணத்தை வைத்தேன். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, மூன்று விரலால் கிள்ளி, ஒரு முறை, கொஞ்சம் யோசித்து இரண்டாம் முறை. மூன்றாவதற்குக் கை போகவில்லை. தராசில் 13 என்று நின்றது. அம்மா அதைப் பார்த்தார், கிண்ணத்தைக் குழம்பில் கவிழ்த்தார், கரண்டியால் கிளறத் தொடங்கினார்.